விமான இறக்கையின் எடையைக் குறைக்க எந்த வழியில் கணக்குப் போடுவது?

எங்கள் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, விங் பாக்ஸுக்கு நேரா டோபாலஜி ஆப்டிமைசேஷனே போட்டுடலாமா?” விங் பாக்ஸ் என்பது இறக்கைக்குள் இருக்கும் பெட்டி; டோபாலஜி ஆப்டிமைசேஷன் என்பது எங்கே பொருள் வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கும் முறை. கேட்பதில் தப்பே இல்லை. எலும்பைப் போல வளைந்து கிளைவிட்ட இறக்கைப் படங்களைப் பார்த்த ஆசையில்தான் பலர் இந்த வேலைக்கே வருகிறார்கள். நான் பெரும்பாலும் சொல்வது, “இப்போதைக்கு வேண்டாம், முதலில் தடிமனை மட்டும் மாற்றிப் பார்” என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த நிலைமையில் அந்தப் பதில் மாறும் என்பதை ஒருமுறையாவது நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பயணிகள் விமானத்தின் இறக்கைக்குள் இருப்பது நீண்ட ஒரு பெட்டி. முன்னும் பின்னும் இரண்டு ஸ்பார்கள் (நீள உத்தரங்கள்), மேலும் கீழும் ஸ்கின் (மூடும் தகடு), ஸ்கின்னின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் (விறைப்பூட்டும் பட்டைகள்), குறுக்கே ரிப்கள் (குறுக்குத் தட்டுகள்). எரிபொருளும் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள்தான். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அதனால் மேல் ஸ்கின் நெரிபடுகிறது, கீழ் ஸ்கின் இழுபடுகிறது. பெரிய பயணிகள் விமானங்களுக்கான விதி, எடையைப் போல 2.5 மடங்கு விசையை இறக்கை பழுதில்லாமல் தாங்க வேண்டும் என்கிறது. அதன்மேல் 1.5 என்ற பாதுகாப்புக் காரணி. ஆக 3.75 மடங்கு வரை உடையக்கூடாது. காற்றுவீச்சு, தரையிறக்கம், கீழ்நோக்கிய ஒரு மடங்கு விசை என்று லோட் கேஸ்கள், அதாவது கணக்கில் பார்க்க வேண்டிய விசை நிலைமைகள், ஆயிரக்கணக்கில் நீளும்.

இந்தப் பெட்டியை இளைக்க வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. பெட்டியின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியின் தடிமனையும் ஸ்ட்ரிங்கர்களின் அளவையும் மட்டும் மாற்றுவது ஒன்று. ரிப் எங்கே நிற்க வேண்டும், ஸ்பார் எந்தக் கோட்டில் ஓட வேண்டும், ரிப்பில் போடும் துளை எந்த வடிவம் என்று கேட்பது இரண்டாவது. மூன்றாவதுதான் டோபாலஜி. எந்த இடத்தில் பொருள் இருக்க வேண்டும், எது வெற்றிடம் என்பதையே கணினியிடம் விட்டுவிடுவது. குறைந்த பொருளில் விசையைக் கடத்தும் சட்டகம் எப்படி இருக்கும் என்று மெல்போர்னில் இருந்த பொறியாளர் மிஷெல் 1904இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கட்டமைப்புப் பகுப்பாய்வையும் கணித உகப்பாக்கத்தையும் (ஆப்டிமைசேஷன்) 1960இல் ஷ்மிட் ஒன்றாக இணைத்தார். பென்ட்சோவும் கிகுச்சியும் 1988இல் டோபாலஜிக்கு இன்றைய உருவத்தைத் தந்தார்கள்.

உகப்பாக்கம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். உகந்தது என்றதும் ‘யாருக்கு உகந்தது’ என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆப்டிமைசேஷன் என்று சொல்லும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தடிமன் வழி

பார்ப்பதற்கு இதில் கவர்ச்சி ஏதும் இல்லை. முடிவில் கிடைப்பது எண்களின் அட்டவணைதான். ஆனால் அந்த எண் ஒவ்வொன்றும் தொழிற்கூடத்தில் ஒருவருக்குப் புரியும். ஏழாவது ரிப்புக்கும் எட்டாவது ரிப்புக்கும் இடையில் மேல் ஸ்கின் இத்தனை மில்லிமீட்டர் என்றால், அதை மெஷினில் வெட்டுகிறவருக்குத் தெரியும், கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் ஸ்ட்ரெஸ் பொறியாளருக்கும் தெரியும்.

இதன் உண்மையான பலம் பக்லிங்கில் இருக்கிறது. மேல் ஸ்கின் நெரிபடும்போது உடைவதற்கு முன்னாலேயே அலையலையாக நெளிந்துவிடும். நெளியத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), தடிமனை ஸ்ட்ரிங்கர் இடைவெளியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தத் தகைவைத் தடிமனால் பெருக்கினால்தான் தட்டு தாங்கும் விசை. அதாவது விசை தடிமனின் முப்படியோடு போகிறது. தடிமனை 20 சதவீதம் குறைத்துப் பாருங்கள். 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. தட்டின் தாங்குதிறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அதே 20 சதவீதக் குறைப்பில் தகைவு ஏறுவதோ வெறும் 25 சதவீதம். தகைவை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தால் கணினி அந்த 25 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இடமிருக்கிறது என்று மேலும் வெட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆளில்லா விமானம் ஒன்றின் இறக்கைக்குத் தடிமன் உகப்பாக்கம் செய்தோம். ஸ்கின்னுக்குப் பக்லிங் கட்டுப்பாடு கொடுத்திருந்தோம். பின் ஸ்பாரின் வெப் தட்டுக்கு, அதாவது அதன் நிமிர்ந்த நடுத்தட்டுக்கு, கொடுக்க விட்டுப்போயிருந்தது. எடை எதிர்பார்த்ததைவிட நிறையவே இறங்கியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து, மூத்த பொறியாளர் ஒருவர் தனியாக ஒரு பக்லிங் பகுப்பாய்வு ஓட்டிப் பார்த்தார். அனுமதிக்கப்பட்ட விசையை எட்டும் முன்பே அந்த வெப் நெளிந்தது. கணினி எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்காத ஒரே இடத்தில் போய்ச் சரியாக வெட்டியிருந்தது. கட்டுப்பாடு இல்லாத இடத்தை உகப்பாக்கம் எப்படியும் மோப்பம் பிடித்துவிடும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

தடிமன் வழியில் இப்படி ஒரு கட்டுப்பாடு விட்டுப்போனால் கண்டுபிடிப்பது எளிது, திருத்துவதும் எளிது. ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினோம், அவ்வளவுதான். அடுத்த வழியில் அந்த வசதி இல்லை.

டோபாலஜி எங்கே வெல்கிறது

டோபாலஜியில் இடம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை ஓர் அடர்த்தி கொடுக்கிறோம். பாதி அடர்த்தி என்ற பொருள் கடையில் கிடைக்காது. அதனால் அதற்கு ஒரு தண்டனை வைக்கிறார்கள். விறைப்பு அடர்த்தியின் முப்படியாகப் போகும் என்று வைத்தால், பாதிப் பொருள் செலவழித்தாலும் எட்டில் ஒரு பங்கு விறைப்புதான் கிடைக்கும். நஷ்டம் என்று பார்த்துக் கணினி 0 அல்லது 1 பக்கம் ஒதுங்கிவிடும். அழகான யோசனை. இத்தனை வருடம் கழித்தும், சாம்பல் நிறக் குழப்பத்திலிருந்து மெல்ல மெல்ல ஒரு சட்டகம் தெளிந்து வருவதைத் திரையில் பார்க்கும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கிறது.

இது உண்மையான விமானத்தில் பலன் தந்ததற்கு நல்ல சான்று ஏர்பஸ் ஏ380. அதன் இறக்கை முன்விளிம்பில் உள்ள ரிப்களுக்கு 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் டோபாலஜி பயன்படுத்தினார்கள். விமானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ குறைந்ததாக அதில் ஈடுபட்டவர்கள் சொன்ன கணக்கு. பலரும் இதைச் சொல்லும்போது விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த ரிப்கள் டோபாலஜி தந்த படத்திலிருந்து நேராக வெட்டப்படவில்லை. படத்தைப் பார்த்து, குறுக்குச் சட்டங்கள் எங்கே என்று மனிதர்கள் புரிந்துகொண்டு, ஒரு புது மாதிரியை வரைந்து, அதற்குத் தகைவும் பக்லிங்கும் கொடுத்துத் தடிமன், வடிவ உகப்பாக்கத்தை மறுபடி ஓட்டினார்கள். டோபாலஜி சொன்னது அமைப்பை. எடையை முடிவு செய்தது தடிமன் கணக்கு.

மறுபக்கம், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2017இல் நேச்சர் இதழில் வந்தது. போயிங் 777 அளவிலான இறக்கையின் உள்ளமைப்பு முழுவதையும் 110 கோடிக் கட்டங்களாகப் பிரித்து, சூப்பர் கம்ப்யூட்டரில் 8000 கோர்களில் சில நாட்கள் ஓட்டினார்கள். நேரான ரிப்களுக்குப் பதில் வளைந்த சட்டங்கள் வந்தன. பறவை அலகின் உட்புறம் போன்ற அமைப்பு. இறக்கை எடையில் 2 முதல் 5 சதவீதம் குறையலாம், ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கு 40 முதல் 200 டன் எரிபொருள் மிச்சமாகலாம் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய உருவத்தை அப்படியே செய்யும் உற்பத்தி முறை இன்று இல்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

இந்த ஆய்வின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒரு குழு தன் அடுத்த ஆறு மாத வேலையைத் தீர்மானிக்கும்போது வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். டோபாலஜி பெரும்பாலும் விறைப்பைத்தான் கேட்கிறது. பக்லிங்கைச் சேர்த்தால் காலியான கட்டங்களில் பொய்யான நெளிவுகள் முளைக்கின்றன. அவற்றை வடிகட்டுவதே தனி வேலை. விரிசலைப் பற்றியோ, பராமரிப்பு ஆள் கை நுழைத்துப் பார்க்க வேண்டிய துளையைப் பற்றியோ, எரிபொருள் தொட்டி கசியாமல் அடைக்க வேண்டிய மூலையைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. முன்விளிம்பு ரிப், எஞ்சினைத் தாங்கும் பைலானின் பிராக்கெட், ஃபிளாப்பின் கீல் போன்ற தனித்தனி உறுப்புகளுக்கு இது முதல் தேர்வு. பெட்டி முழுவதற்கும் வேண்டாம்.

வடிவ வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிப் இடைவெளியைத் தீர்மானிக்க இது தேவை. இடைவெளி கூடினால் ஸ்ட்ரிங்கரின் பக்லிங் கெடும், குறைந்தால் ரிப்களின் எண்ணிக்கை ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷ் (கணக்குக்காகப் பிரித்த கட்ட வலை) சிதைவதைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அதனால் நான் செய்வது, நான்கைந்து ரிப் இடைவெளிகளைக் கையால் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தடிமன் உகப்பாக்கத்தை முழுதாக ஓட்டி ஒப்பிடுவது. நேரமும் மிச்சம், காரணமும் புரியும்.

தேடும் முறை: கிரேடியன்டா, ஜெனடிக் அல்காரிதமா

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். உங்கள் மாதிரியில் 1000 தடிமன் மாறிகள், ஒரு பகுப்பாய்வுக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஜெனடிக் அல்காரிதத்தில் (பல விடைகளைக் கலந்து, நல்லவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) 200 உறுப்பினர்கள், 500 தலைமுறைகள் என்றால் 1 லட்சம் பகுப்பாய்வு. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் கிட்டத்தட்ட 139 நாட்கள். 1000 மாறிகளுக்கு 200 உறுப்பினர்கள் போதவும் போதாது.

கிரேடியன்ட் முறை என்பது சரிவைப் பார்த்து நகர்வது. அதில் ஒவ்வொரு மாறியையும் கொஞ்சம் அசைத்துப் பார்த்துச் சரிவைக் கண்டுபிடித்தால், ஒரு சுற்றுக்கே 33 மணி நேரம். இதுவும் வேலைக்காகாது. எல்லா மாறிகளுக்குமான சரிவையும் ஒரே தீர்வில் தரும் அட்ஜாயின்ட் முறையில்தான் நிலைமை தலைகீழாகிறது. அதில் செலவு மாறிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, கேட்கும் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கட்டுப்பாடு ஒன்றுக்கு ஒரு கூடுதல் தீர்வு. அதுவும் ஏற்கெனவே பிரித்துவைத்த விறைப்பு அணியைக் கொண்டே செய்துவிடலாம். லட்சம் இடங்களில் உள்ள தகைவுகளை க்ரைசல்மையர், ஸ்டைன்ஹவுசர் இருவரும் 1979இல் தந்த சார்பைக் கொண்டு ஒரு கைப்பிடி எண்களாகத் திரட்டிவிட்டால், ஒரே இரவில் முழு உகப்பாக்கமும் முடிந்துவிடும்.

“கிரேடியன்ட் பக்கத்துக் குழியில் விழுந்து நின்றுவிடுமே” என்பார்கள். உண்மைதான், விழலாம். தடிமன் கணக்கில் அது பெரிய தொல்லையாக நான் கண்டதில்லை. நான்கு வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே எடைக்கு வந்தால் நிம்மதி.

ஜெனடிக் அல்காரிதத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அது கார்பன் ஃபைபர். அடுக்கடுக்காக ஒட்டிய தகட்டில், அதாவது லாமினேட்டில், ஒவ்வொரு அடுக்கும் 0, +45, −45, 90 என்ற நான்கு கோணங்களில் ஒன்று. 40 அடுக்குள்ள சமச்சீர் லாமினேட்டில் பாதியை, அதாவது 20 அடுக்கைத் தேர்ந்தால் போதும். அதற்கே 4இன் 20ஆம் அடுக்கு, சுமார் 1.1 லட்சம் கோடி வரிசைகள். இங்கே ‘கொஞ்சம் அசைப்பது’ என்பதே இல்லை. அடுக்கு 45 டிகிரியில் இருக்கும் அல்லது இருக்காது. லெ ரிஷும் ஹாஃப்ட்காவும் 1993இல் அடுக்கு வரிசைக்கு ஜெனடிக் அல்காரிதத்தைப் பயன்படுத்திக் காட்டியதன் நியாயம் அதுதான். நடைமுறையில் நல்ல ஏற்பாடு இரண்டு கட்டமானது. முதலில் லாமினேஷன் பாராமீட்டர்களையும் (அடுக்குக் கோணங்களின் மொத்த விளைவைச் சுருக்கிச் சொல்லும் எண்கள்) தடிமனையும் தொடர் மாறிகளாக வைத்து கிரேடியன்ட்டால் பெட்டி முழுவதையும் தீர்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் உண்மையான அடுக்கு வரிசையை ஜெனடிக் முறையில் தேட வேண்டும். பக்கத்துப் பகுதிகளின் அடுக்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓட வேண்டும் என்பதை இரண்டாம் கட்டத்தில் மறந்தால், ஃபைபர் அடுக்கும் ஆள் உங்கள் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

விசையை உறைய வைப்பதா, கூடவே மாற விடுவதா

எனக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். பலரும் கேட்காமலே கடந்துவிடும் தேர்வும் இதுதான். காற்றியல் குழு கொடுத்த விசைகளை மாறாதவை என்று வைத்துக்கொண்டு தடிமனைக் குறைப்பது எளிது. ஆனால் தடிமன் குறைந்தால் இறக்கை அதிகம் வளையும். பின்சாய்ந்த இறக்கை மேலே வளையும்போது அதன் நுனி முறுகி, காற்றை எதிர்கொள்ளும் கோணம் குறைகிறது. தூக்குவிசை உட்புறம் நகர்கிறது, இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் வரும் வளைவுத் திருப்புமை தணிகிறது. அதாவது மெலிந்த இறக்கை தன் பாரத்தைத் தானே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. விசையை உறைய வைத்த கணக்குக்கு இந்த நன்மை தெரியாது.

அதன் மறுபக்கமும் தெரியாது. போயிங் பி-47 குண்டுவீச்சு விமானத்தின் மெல்லிய இறக்கை அதிவேகத்தில் எய்லரானைத் (விமானத்தைச் சாய்க்க உதவும் இறக்கைப் பின்விளிம்பு மடல்) திருப்பினால் முறுகிக்கொண்டு, விமானத்தை எதிர்ப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அதனாலேயே அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 425 கடல் மைலுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. முன்சாய்ந்த இறக்கையில் நிலைமை இன்னும் மோசம். வளைய வளைய விசை ஏறும், இறக்கையே முறிந்துபோகலாம். 1984இல் முதலில் பறந்த எக்ஸ்-29 இதைச் சமாளித்தது ஃபைபர்களின் திசையால்தான். வளையும்போது முறுக்கு எதிர்த்திசையில் வரும்படி அடுக்குகளைத் திருப்பி வைத்தார்கள்.

இறக்கையின் நீளமே இன்னும் முடிவாகவில்லை என்றால், காற்றியலும் கட்டமைப்பும் இணைந்த கணக்கைத் தவிர வேறு வழியில்லை. காற்றியல் அறிஞர் பிரான்ட்ல் 1933இலேயே காட்டிய முடிவு இது. அடிப்பகுதித் திருப்புமையை வைத்துக் கட்டமைப்பு எடையைக் கணித்து, தூக்குவிசையை மணி வடிவில் பரப்பினால், இறக்கை 22 சதவீதம் நீளமாகி, தூக்குவிசையால் தூண்டப்பட்ட இழுவை 11 சதவீதம் குறையும். எடையும் காற்றியலும் ஒரே கணக்கில் இருந்தால்தான் இப்படி ஒரு விடை கண்ணில் படும். சில சமயம் எல்லை விமான நிலையத்திலிருந்து வரும். போயிங் 777எக்ஸின் இறக்கை, நுனி முதல் நுனி வரை, விரிந்த நிலையில் 71.8 மீட்டர். நுனியை மடித்தால் 64.8 மீட்டர். பல விமான நிலையங்களின் நிறுத்துமிடங்களுக்கு 65 மீட்டர்தான் வரம்பு என்பதால் வந்த மடிப்பு அது.

மிக நெகிழ்வான இறக்கை என்றால் நேரியல் கணக்கும் போதாது. நாசாவின் ஹீலியோஸ், 75 மீட்டர் நீள இறக்கையுள்ள சூரிய ஒளி விமானம், 2003 ஜூன் 26 அன்று ஹவாய்க்கு அருகே கொந்தளிப்பில் சிக்கி, இறக்கை மேல்நோக்கி மிகையாக வளைந்து, அலைபாய்ந்து, நொறுங்கியது. விமானத்தில் செய்த மாற்றங்களின் ஆபத்தை மதிப்பிட அன்றிருந்த பகுப்பாய்வு முறைகள் போதவில்லை என்றுதான் விசாரணையும் சொன்னது.

கணக்குக்கு வெளியே இருப்பவை

எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசியில் ஒரு முழு இறக்கையை உடைக்கும் சோதனை இருக்கிறது. 1995 ஜனவரியில் போயிங் 777இன் இறக்கை வரம்பு விசையின் (பயன்பாட்டில் எதிர்பார்க்கும் மிக அதிக விசை) 154 சதவீதத்தில் உடைந்தது. தேவை 150. இவ்வளவு நெருக்கமாக உடைவதுதான் நல்ல கணக்கின் அடையாளம். 200இல் உடைந்திருந்தால் அத்தனையும் சுமந்துபோகும் வீண் எடை. 2006 பிப்ரவரியில் ஏ380இன் இறக்கை வரம்பு விசையின் 1.45 மடங்கைத் தாண்டியதும், 1.5ஐ எட்டுவதற்குள், உடைந்தது. அந்த இடத்தைப் பலப்படுத்தினார்கள். மிகக் கூர்மையாக உகப்பாக்கம் செய்யும்போது வரக்கூடிய வித்தியாசம்தான் இது. சோதனையில் வெளிப்பட்டதே நல்லது.

அதே ஏ380இல் பின்னர், 2012இல், ஸ்கின்னையும் ரிப்பையும் இணைக்கும் சிறு கால்களில் விரிசல்கள் தெரிந்தன. டோபாலஜி செய்த முன்விளிம்பு ரிப்கள் அல்ல இவை, பெட்டிக்குள் இருப்பவை. தேர்ந்த அலுமினியக் கலவையும், பொருத்தும்போது உள்ளே தங்கிவிட்ட தகைவும் காரணங்களில் சேர்ந்தவை. பொருத்தும்போது வரும் தகைவை எந்த லோட் கேஸ் அட்டவணையிலும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். உகப்பாக்கம் மார்ஜினை, அதாவது தேவைக்கு மேல் மிஞ்சும் பலத்தை, பூஜ்யம் வரை தேய்க்கும் என்பதால், இப்படிப்பட்டவற்றுக்காக நான் முக்கிய இணைப்புகளில் வேண்டுமென்றே கொஞ்சம் மார்ஜின் விட்டுவைப்பேன். அதற்காகும் சில கிலோவைக் கேள்வி கேட்பவர்களோடு சண்டை போடவும் தயார்.

சரி, எதைத் தேர்வது

வழக்கமான அலுமினியப் பெட்டி, வெளிவடிவம் முடிவாகிவிட்டது என்றால், ஷெல் மாதிரியில் (பெட்டியை மெல்லிய தகடுகளாக வைக்கும் கணினி மாதிரி) தடிமன் உகப்பாக்கம், அட்ஜாயின்ட் கிரேடியன்ட். நாஸ்ட்ரான் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அதன் 200ஆம் தீர்வு வரிசையே போதும். கார்பன் ஃபைபர் என்றால் மேலே சொன்ன இரண்டு கட்டம். தனி உறுப்புக்கு டோபாலஜி, ஆனால் அதன்பின் தடிமன் கணக்குக்கும் சேர்த்தே நாட்களை ஒதுக்குங்கள்.

வெளிவடிவம் திறந்திருக்கிறது, கையில் பெரிய கணினி இல்லை என்றால், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஏரோஸ்ட்ரக்ட் மென்பொருளில் தொடங்குங்கள். காற்றியலுக்குச் சுழல்வலை முறை, கட்டமைப்புக்கு உத்தர மாதிரி. இரண்டும் எளிமையானவை, ஆனால் இணைந்தவை. மடிக்கணினியிலேயே ஓடும். பக்லிங் விவரம் அதில் கிடைக்காது. ஆனாலும் நீளம் கூடும்போது எடை எப்படி ஏறுகிறது என்ற உள்ளுணர்வைத் தர அதுபோல் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பயிற்சிக்கு நாசாவின் பொது ஆய்வு மாதிரியை (ஆய்வாளர்கள் பயன்படுத்தப் பொதுவெளியில் உள்ள விமான வடிவம்) எடுத்துக்கொள்ளலாம். நுனி முதல் நுனி வரை 58.76 மீட்டர் நீளம், மாக் 0.85 (ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு) வேகம், நீள அகல விகிதம் 9. அதே இறக்கையை 13.5 விகிதத்துக்கு நீட்டிய இன்னொரு வடிவமும் பொதுவெளியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் விசையை உறைய வைத்தும் பிறகு இணைத்தும் தடிமன் கணக்கை ஓட்டிப் பாருங்கள். 9இல் இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தூரம் 13.5இல் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துவையுங்கள். உங்கள் இறக்கைக்கு இணைந்த கணக்கு தேவையா இல்லையா என்பதைக் குழுவில் பேசும்போது அந்தக் குறிப்பைத்தான் மேசையில் வைக்க வேண்டும்.